முதல் மணி நேரம்

புவனா, சரவணா, இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். அம்மாவிடம் பிறகு நானே சொல்கிறேன்.

புவனா, உன் பேர் போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா எங்கே என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். உன் மஞ்சள் நீராட்டுக்கு அத்தை வாங்கி வந்து, மூடியிலும் அடியிலும் "பு. புவனேஸ்வரி" என்று பேர் வெட்டிக் கொடுத்தது. தெரியாது என்று நான் சொன்னது பொய். அது என் கடையில், மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) சுற்றும் மிஷின் பக்கத்தில் இருக்கிறது. அது எங்கே போய்த் திரும்பி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இதே நோய் உள்ள வீட்டில் யாருக்காவது இது பயன்படும் என்றால் கொடுங்கள்.

நோய் எனக்குக் காலில் ஆரம்பித்தது. கடையில் சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கும். நாள் முழுக்க உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவனுக்குக் கால் வீங்காதா என்று விட்டுவிட்டேன். பிறகு சோறு பிடிக்கவில்லை. வாயில் இரும்பு நக்கிய மாதிரி ஒரு ருசி. அரக்கோணத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு) இருக்க வேண்டியதைப்போலப் பத்து மடங்கு இருந்தது.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பி.பி. மாத்திரை எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு பி.பி.யே இல்லீங்க."

"இருந்திருக்குங்க. நீங்க பார்க்கல."

அவ்வளவுதான். அதற்குள் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டிருந்தன. வலிக்காமல் போகும் உறுப்பு அது. வலித்திருந்தால் கவனித்திருப்பேன்.

அதிலிருந்து டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, மறுபடி உள்ளே விடுவது). செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அதற்காக என் இடக் கையில் ஃபிஸ்டுலா (இரண்டு இரத்தக் குழாய்களை அறுத்து ஒன்றாகச் சேர்த்துத் தைப்பது) வைத்தார்கள். சரவணா, நீ அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நைனா, உள்ள மிக்ஸி ஓடுது" என்று சொன்னாய். சரியாகத்தான் சொன்னாய், இரத்தம் வேகமாகப் பாயும் இரைச்சல் அது.

அந்தக் கையில் இரண்டு ஊசி ஏறிவிட்டால் அசைக்கக் கூடாது. நான்கு மணி நேரமும் மல்லாந்து கிடக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதன் பேரிங் தேய்ந்திருந்தது, சத்தத்திலேயே தெரிந்தது. ஏணி கொடுத்தால் கழற்றி மாற்றிவிடலாம் என்று தோன்றும். அதைத் தவிர நினைக்க எதுவும் இருக்காது, அல்லது நினைக்கக் கூடாததுதான் இருக்கும்.

என் வலப் பக்கத்துக் கட்டிலுக்கு முனிரத்தினம் வந்தது அப்போதுதான். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். என்னைவிட நான்கு வயது சின்னவர். எடுத்த எடுப்பிலேயே, அக்காள் கணவனைக் கூப்பிடுகிற மாதிரி, பாவா என்று கூப்பிட்டார்.

"இன்னா பாவா, நாலு மணி நேரமும் ஃபேனையே பார்த்துகினு கீற? அதுக்கே வெக்கமாயிடும்."

"வேற இன்னா பண்றது?"

"இந்தா, இத்த ஆடு."

அவருடைய பெரிய திரை போனை நீட்டினார். அதில் ஒரு விளையாட்டு. பொம்மைப் படம் மாதிரி ஒரு பச்சை வயல். நடுவில் வளைந்து வளைந்து ஒரு பாதை. ஒரு முனையிலிருந்து எதிரிகள் வரிசையாக நடந்து வருவார்கள். மறு முனையில் ஒரு கோட்டைக் கதவு. கதவுக்கு இருபது உயிர். ஓர் எதிரி நுழைந்தால் ஓர் உயிர் போகும். பாதை ஓரத்தில் நாம் கோபுரங்களை வைத்து அவர்களைத் தடுக்க வேண்டும். அம்பு விடும் கோபுரம், குண்டு போடும் கோபுரம், பனிக்காற்று ஊதி எதிரியின் நடையைக் குறைக்கும் கோபுரம். எதிரிகள் அலை அலையாக வருவார்கள். ஒவ்வோர் அலையும் முந்தியதைவிடக் கெட்டியாக இருக்கும்.

உங்கள் இருவரையும் போனைக் கீழே வை, கீழே வை என்று எத்தனை முறை திட்டியிருப்பேன். அந்தப் பொம்மைகளைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாக இருந்தது. நாற்பத்தாறு வயசுக்காரன் விளையாடுகிற விளையாட்டா இது என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் நானே கேட்டு வாங்கினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஊசி இடக் கையில், வலக் கை சும்மா இருக்கும். அவருக்கு ஊசி வலக் கையில், இடக் கை சும்மா இருக்கும். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு ஸ்டூல். அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, என் வலக் கையும் அவர் இடக் கையுமாக ஆடுவோம். பாதையின் மேல் பாதி அவருக்கு, கீழ்ப் பாதி எனக்கு. இரண்டு பேரிடமும் சேர்ந்து ஓர் ஆளுக்கு வேண்டிய கை இருந்தது.

எதிரிகளுக்கு அவர்தான் பேர் வைத்தார். கும்பலாக ஓடி வரும் பொடியன்கள் உப்பு. வழுக்கிக்கொண்டு வருகிறவன் தண்ணீர். தலைக்கு மேல் பறந்து வரும் கூட்டத்துக்கு, "ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வர்ற சொந்தக்காரங்க" என்று பேர். பத்து அலைக்கு ஒரு முறை வருகிற பெருத்த தடியன் ஒருவன். எத்தனை குண்டு போட்டாலும் அசராமல் நடப்பான். அவன் பொட்டாசியம்.

பொட்டாசியம் என்பது காய், கனி எல்லாவற்றிலும் உள்ள ஓர் உப்பு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே அனுப்பிவிடும். எங்களுக்கு அது தேங்கும். அளவு மீறினால் இதயம் அப்படியே நின்றுவிடும். வாழைப்பழம், பேரீச்சை, இளநீர், வெல்லம் எல்லாம் எங்களுக்கு ஆகாது. டாக்டரம்மா சொல்வார், "சாப்பிடாதீங்க. ஆசையை அடக்க முடியலைன்னா ஒரு வாய், அதுவும் டயாலிசிஸ் ஆரம்பிச்ச முதல் மணி நேரத்துல. மீதி மூணு மணி நேரத்துல மிஷின் இழுத்துக்கும். அதுக்கு மேல கூடவே கூடாது." எங்கள் வார்டில் அதுதான் சட்டம். முதல் மணி நேரத்தில் யாராவது ஒரு துண்டு மாம்பழத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுப்பார்கள். சிஸ்டர் (நர்சம்மா) பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மிஷின் நம் தலைக்குப் பின்னால் நிற்கும். எத்தனை நேரம் மிச்சம் என்று அதில் எண் ஓடும். படுத்திருக்கிறவனால் தன் மிஷினைப் பார்க்க முடியாது, பக்கத்துக் கட்டிலுடையதைத்தான் பார்க்க முடியும். கைக்கடிகாரத்தைப் பார்த்தும் பயனில்லை. கரண்ட் போகும், பி.பி. இறங்கும், மிஷினை நிறுத்தி ஓட்டுவார்கள். அதனால் வார்டில் எல்லோருமே பக்கத்துக்காரரிடம்தான் கேட்போம். என் நேரத்தை முனிரத்தினம் பார்ப்பார். அவர் நேரத்தை நான் பார்ப்பேன்.

"எனக்கு இன்னும் எவ்ளோ பாவா?"

"ரெண்டு மணி பத்து நிமிஷம்."

"உனக்கு ரெண்டு இருபது. நான்தான் முன்னால போவேன்."

இப்படிக் கேட்டுக்கொள்வது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது என்பது போதாது. அது இல்லாத நாட்கள்தான் நோயாளி நாட்களாக இருந்தன. எதிரி எங்கே வளைவான், பனிக் கோபுரத்தை எந்த வளைவில் வைத்தால் அவன் அதிக நேரம் நிற்பான், எல்லாம் கடையில் கம்பி சுற்றும்போதும் கண்ணில் ஓடும். என் போனிலும் அதை இறக்கிக்கொண்டேன். நான் கழிவறையில் அரை மணி நேரம் இருந்ததற்கு நீங்கள் பயந்து கதவைத் தட்டினீர்களே, உடம்புக்கு ஒன்றுமில்லை, பதினெட்டாவது அலை.

அந்தப் பாதையில் நாங்கள் ஒரே ஒரு தடவைகூட நாற்பதாவது அலையைத் தாண்டியதில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதில் கதவு விழுந்துவிடும். நாற்பதைத் தாண்டினால் என்ன வரும் என்று முனிரத்தினத்துக்கு ஒரு கணக்கு இருந்தது.

"தாண்டிட்டா புது கிட்னி குடுப்பான் பாவா. பொட்டில வெச்சு."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு பேரு ஆடறோம். ஆளுக்கு ஒண்ணு."

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவைத்திருந்தோம். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளுடையது எடுக்க மாட்டார்கள். புவனா, நீ ஒரு நாள் ஏதோ கேட்க வாயெடுத்தாய். நான் எழுந்து போய்விட்டேன். இனிமேலும் கேட்காதே.

அதற்காகத்தான் அம்மா படி பூஜை வேண்டிக்கொண்டது. உங்களுக்கு நினைவிருக்கும். விடியற்காலையில் நீங்கள் மூன்று பேரும் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே மலைக் கோயிலுக்கு ஏறினீர்கள். எனக்கு இருபது படிக்கு மேல் மூச்சு வாங்கும் என்பதால் ஆட்டோவில் மேலே போய் உட்கார்ந்து காத்திருந்தேன். நீங்கள் வந்து சேர்ந்தபோது மூன்று பேர் கையும் மஞ்சளாக இருந்தது. என் உயிருக்காக மூன்று பேர் குனிந்து குனிந்து வந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மதியம் எனக்கு டயாலிசிஸ். அபிஷேகப் பஞ்சாமிர்தத்தை அம்மா உன் டப்பாவில் போட்டு என் பையில் வைத்தாள். "நீங்க நாக்குல வெச்சா போதும். ஆஸ்பத்திரில கூட இருக்கறவங்களுக்குக் குடுங்க. வேண்டுதல் பிரசாதம், நம்ம வூட்டோட நிக்கக் கூடாது." அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. வாழைப்பழம், வெல்லம், பேரீச்சை என்று யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. எனக்குத் தெரியும். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் மணி நேரத்தில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஊசி ஏற்றியதும் நான் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். முனிரத்தினத்திடம் டப்பாவை நீட்டினேன். அவருக்கு அன்றைக்கு வந்ததுமே பி.பி. இறங்கித் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்புறம் துன்றேன் பாவா. அங்கியே வை. நீ ஆடு, நான் செத்த தூங்கறேன்."

டப்பாவை ஸ்டூலில் வைத்தேன். போனை எடுத்து மார்பில் நிறுத்தி, தனியாக ஆட ஆரம்பித்தேன்.

அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. ஒரு கையால் முழுப் பாதையையும் பார்த்துக்கொண்டேன். முப்பதாவது அலை, கதவின் இருபது உயிரும் அப்படியே. முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. நேரம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோனது. ஆரம்பத்திலிருந்து நான் அதற்காகத்தான் அதை விரும்பினேன் என்று இப்போது தெரிகிறது.

நாற்பதாவது அலை ஆரம்பித்தபோது பக்கத்தில் அவர் எழுந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்.

"பாவா, முதல் மணி நேரம்தானே ஓடிகினு கீது?"

மூன்று தடியன்கள் ஒன்றாக வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஆங்" என்றேன்.

நான் தலையைத் தூக்கவில்லை. அவர் மிஷின் என் வலப் பக்கம், ஐந்தடி தூரத்தில் இருந்தது. கண்ணை மட்டும் உயர்த்தியிருந்தால் போதும்.

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "தேனு மாதிரி கீது பாவா. எத்தினி நாளாச்சு" என்று சொன்னார். விரலால் வழித்து வழித்துச் சாப்பிடும் சத்தம் கேட்டது. "இன்னும் துன்னட்டா? உனக்கு வேணுமா?" என்று கேட்டார். "எல்லாத்தையும் நீயே துன்னு" என்று சொன்னேன். அதையும் திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

நாற்பதாவது அலையைத் தாண்டினேன். "தாண்டிட்டேன்யா!" என்று கத்தினேன். திரையில் பெட்டி எதுவும் வரவில்லை. நாற்பத்தொன்று என்று எழுத்து வந்தது, எதிரிகள் மறுபடி நடக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது சிஸ்டர் வந்து முனிரத்தினத்தின் பக்கம் நின்று கையுறை போட்டார். நான் மிஷினைப் பார்த்தேன். மிச்சம் நான்கு நிமிடம்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். "இன்னா பாவா, அதுக்குள்ள கழட்ட வந்துட்டாங்க?"

என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. டப்பாவைச் சட்டென்று போர்வைக்குள் தள்ளினார். சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியபோது மெதுவாகச் சொன்னார். "வுடு. சாமி பிரசாதம், ஒன்னும் ஆவாது. சிஸ்டர் கிட்ட சொல்லிடாத, கிழிச்சுடும்."

நான் சொல்லவில்லை.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆங் என்றது அறியாமல் சொன்னது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. "சிஸ்டர், இவர் இப்பதான் பஞ்சாமிர்தம் சாப்பிட்டார்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், இன்னும் ஒரு மணி நேரம் மிஷினை ஓட்டியிருப்பார்கள், அல்லது மருந்து கொடுத்திருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. விளையாட்டில் கண்ணாக இருந்தேன் என்று சொல்ல வேண்டி வருமே என்று இருந்தது. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். முனிரத்தினம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "செவ்வாக்கெழமை நாப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். டப்பா அவர் பையோடு போய்விட்டது.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே இரண்டு முழு நாள் இருக்கிறது. எங்களுக்கு வாரத்தில் அதுதான் நீண்ட இடைவெளி. உள்ளே சேர்வதெல்லாம் அந்த இரண்டு நாளில்தான் அதிகம் சேரும். ஞாயிறு முழுக்க நான் போனை எடுக்கவில்லை. அவருக்குப் பேசலாமா என்று நினைத்தேன். பேசினால் என்ன கேட்பது? நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் எனக்குப் பயம் என்று தெரிந்துவிடும். பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் கட்டிலில் விரிப்பு மாற்றாமல் இருந்தது. சிஸ்டர் எனக்கு ஊசி ஏற்றிக்கொண்டே சொன்னார். "திங்கக்கெழமை காலைல குளிச்சுட்டு வந்தவரு, கை காலெல்லாம் துவளுதுன்னு உட்கார்ந்தாராம். ஆம்புலன்ஸ்லயே போயிட்டாரு." பிறகு, "கையை ஆட்டாதீங்கண்ணா, ஊசி வெளியே வந்துடும்" என்றார்.

நான்கு மணி நேரம் அந்தக் கட்டிலுக்குப் பின்னால் நின்ற மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணைந்திருந்தது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். யார் என்று சொல்லாமல், ஒருத்தர் கடைசி நேரத்தில் ஒரு சின்ன டப்பா பஞ்சாமிர்தம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். ஒண்ணுமே சாப்பிடாதவங்களுக்கும் அந்த ரெண்டு நாள் இடைவெளில நின்னுடுதுங்க."

"அப்ப அதனால இல்லன்னு சொல்லலாங்களா?"

"சொல்ல முடியாதுங்க" என்றார். "அதனாலதான்னும் சொல்ல முடியாது." எனக்கு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சரியாகத் தெரிந்துவிட்டால்கூட ஒரு பக்கமாக விழுந்து கிடக்கலாம். தினமும் காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் என்று புரள்கிறேன்.

மூன்றாவது வாரம் அவர் மனைவி தேவகி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கணவரின் காகிதங்களை வாங்க வந்தவர், நான் வெளியே வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் முனிரத்தினத்தின் போன்.

"அண்ணா, இதுல இன்னாமோ மணி அடிச்சுகினே கீதுண்ணா. சோறு துன்னக்கூட வுடல. யாருன்னு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். அந்த விளையாட்டிலிருந்து வரும் அறிவிப்புதான். எதிரிகள் வந்துகொண்டிருக்கிறார்கள், உங்கள் கோட்டை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று இருந்தது. ஒரு நாளைக்கு நான்கு முறை அனுப்பியிருந்தது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அதற்குத் தெரியாது. தோற்றால்கூட மறுபடி ஆடு என்று அது கேட்கும், இருபது உயிரையும் திருப்பிக் கொடுக்கும். நாங்கள் அதை எங்கள் உடம்பு மாதிரி என்று பேசிச் சிரித்தோமே, அது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

"இன்னாண்ணா அது?"

"ஒரு விளையாட்டும்மா. கோபுரம் வெச்சுக் கோட்டையைக் காக்கறது. ரெண்டு பேரும் ஆடுவோம்."

"காத்தீங்களா?" என்று கேட்டார்.

நான் அதை அந்தப் போனிலிருந்து நீக்கிக் கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"கடைசியா அன்னிக்கு இங்க எதுனா சாப்ட்டாராண்ணா?"

"பிஸ்கட்டும்மா. சிஸ்டர் குடுத்தாங்க."

"ஆங்" என்றார். போனை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பொய்யோடு இரண்டு வாரம் இருந்தேன். கடையில் கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தவற ஆரம்பித்தது. நூற்றைம்பது சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் எங்கே விட்டேன் என்று தெரியாமல் நின்றேன். இருபத்தைந்து வருடத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை. அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவேன், மறுபடி தவறும்.

ஒரு திங்கட்கிழமை, அரக்கோணம் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு, திருவாலங்காட்டில் இறங்கி ஊருக்குள் போனேன். நடக்க முடியாமல் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். தேவகி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்க வந்தவர், எனக்கு அளவு உண்டு என்று அவருக்கே நினைவு வந்து, சொம்பில் கால் பங்கு மட்டும் ஊற்றிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பேச்சு வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆங் என்று சொன்னதைச் சொன்னேன். மிஷின் எங்கே இருந்தது என்று கையால் காட்டினேன். சிஸ்டரிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஈரத் துணியை உதறவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

பிறகு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் உன் டப்பா இருந்தது புவனா. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழமை அவரு பையில கெடந்திச்சு, பஞ்சாமிர்தம் ஒட்டிகினு. நான்தான் கழுவுனேன். புவனேஸ்வரி யாருன்னு கேட்டேன். பாவா பொண்ணு, ரொம்ப நல்லா படிக்குதுன்னாரு."

மூடியில் வெட்டியிருந்த பேரை விரலால் காட்டினார்.

"பேரைப் பார்த்துட்டுதாண்ணா ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்களே சொல்வீங்கன்னு கேட்டேன். பிஸ்கட்டுன்னீங்க."

"தப்பும்மா."

"அவரு ஆசைப்பட்டுத் துன்னாரு. அதுக்கு நான் உங்களை ஒன்னும் சொல்ல மாட்டேன்." டப்பாவை என் கையில் கொடுக்காமல் எனக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். "ஆனா, ஒரு தபா கண்ணைத் தூக்கிப் பார்க்க முடியலையாண்ணா உங்களால? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. உங்களைப் பார்த்தா எனக்கு அந்தக் கட்டிலுதான் தெரியும்."

சரி என்று சொன்னேன். டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பிள்ளைகளே, என் உடம்பைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். முன்பு என் கையில் ஓடும் அந்த மிக்ஸிச் சத்தம் எனக்குப் பிடிக்கும். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். இப்போது காதுக்குப் பக்கத்தில் அந்தக் கையை வைத்துப் படுக்க முடிவதில்லை. எனக்கு வாரம் ஏழு நாளாக இல்லை. செவ்வாய், வியாழன், சனி, பிறகு ஒரு பள்ளம். ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, கை கால் துவளுகிறதா என்று பார்க்கிறேன். முனிரத்தினத்தின் கட்டிலுக்கு இப்போது சோளிங்கரிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். அவர் கேட்காவிட்டாலும் கால் மணிக்கு ஒரு முறை அவர் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். "இன்னாத்துக்குப்பா சும்மா சும்மா சொல்ற? தூங்க வுடு" என்று எரிந்து விழுகிறார். நான் நிறுத்துவதில்லை. இதனால் எதுவும் சரியாகாது என்று எனக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை திருவாலங்காட்டிலிருந்து நேராகக் கடைக்குத்தான் வந்தேன். மதிய நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். டப்பாவை மிஷின் பக்கத்தில் வைத்தேன். என் போனில் அந்த விளையாட்டைத் திறந்து, அதே வயலை, அதே பாதையை எடுத்தேன். ஒரு கோபுரம்கூட வைக்கவில்லை. முதல் அலை நடக்க ஆரம்பித்ததும் போனை மேஜையில் குப்புறக் கவிழ்த்தேன். உள்ளே அவர்கள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவு விழும் சத்தம் கேட்டபோது சரியாக மூன்று நிமிடம் ஆகியிருந்தது.